கோடியக்கரைக்குக் கிளம்பும் முன் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை சரணாலயத்துக்கு எப்போது போகலாம் என்று யாராவது கேட்டால், "எதைப் பார்க்கணும்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். வெளிமான் (பிளாக்பக்) என்றால் ஒரு பதில், பூநாரை (பிளமிங்கோ) என்றால் வேறு பதில், ஆறுமணிக்குருவி என்றால் இன்னொரு பதில். மூன்றையும் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று வேன் பிடித்து வருகிறார்கள். உச்சி வெயிலில் வெறிச்சென்று கிடக்கும் புல்வெளியையும் கானல் ஆடும் சதுப்பையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று திரும்புகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அங்கே எல்லாமே இருக்கிறது. நேரமும் தண்ணீரும் கூடிவந்தால் கண் முன்னே வந்து நிற்கும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஆயக்காரன்புலம், வாழ்க்கைப்பட்டது மன்னார்குடி. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். கார்த்திகை, மார்கழியில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவேன். கோடை விடுமுறையில் அம்மா வீட்டுக்கு வந்தால் அண்ணனோடு பைக்கில் போய்வருவேன். அதனால் மழைக்காலக் கோடியக்கரையும் தெரியும், வெயில் காலக் கோடியக்கரையும் தெரியும்.

முதலில் இடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் கிழக்குக் கடற்கரை இந்த முனைக்கு வந்ததும் மேற்கே திரும்பிவிடுகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. கடல் தாண்டினால் யாழ்ப்பாணக் குடாநாடு. கன்னியாகுமரி மாதிரி பாறையில் அலை மோதும் முனையை எதிர்பார்க்க வேண்டாம். கடல் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் சேர்ந்து உண்டான தாழ்வான நிலம் இது. இங்கே இருப்பதிலேயே உயரமான இடம் ராமர் பாதம் இருக்கிற மணல்மேடுதான், அதுவும் சில மீட்டர் உயரம்தான். ஆனால் அந்தச் சின்ன மேட்டில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தால் காடு, அதைத் தாண்டி வெளி என்று நிலம் மாறிமாறிப் போவது புரியும். கடற்கரை, புல்வெளி, காடு, சதுப்பு என்று நாலு வகை நிலம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி உயிர்கள், தனி நேரம்.

வெளிமானைக் காப்பதற்காக 1967-ல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-ல் இங்கிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் சேர்த்து ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பிடித்த சதுப்பு நிலம் இதுதான். பறவை ஆய்வாளர் சாலிம் அலிக்கும் இந்த இடம் பிடித்தமானது. அவர் காலத்திலிருந்தே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஆராய்ந்துவருகிறார்கள்.

வருகிற வழி சுலபம்தான். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம். திருவாரூர், மன்னார்குடி பக்கமிருந்து வருகிறவர்கள் திருத்துறைப்பூண்டி வழியாக வரலாம். ரயில் பிடித்தவர்களுக்கு இப்போது ஒரு நல்ல வசதி இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை அகலப்பாதை போட்டு 2023 ஏப்ரலில் ரயில் விட்டிருக்கிறார்கள். வண்டிகள் குறைவு, நேரமும் மாறும், அதனால் அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் பஸ்ஸை நம்பிப் போனால் விடியற்காலையும் கிடைக்காது, அந்தி நேரமும் கிடைக்காது. நாலைந்து பேராகச் சேர்ந்து வேதாரண்யத்தில் ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வதுதான் நல்லது. பேசும்போதே, "காத்திருக்கணும், நடுவுல அவசரப்படுத்தக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.

தங்குவதற்கு வேதாரண்யத்தில் சாதாரண லாட்ஜ்கள் இருக்கின்றன. கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், நேரே போய் நின்றால் கிடைக்காது. இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். விடியும் முன்பே நீங்கள் காட்டுக்கு உள்ளே இருப்பீர்கள், அதற்கு விலையே கிடையாது.

கோடியக்காட்டில் வனத்துறை செக்போஸ்ட் வரும். அங்கே பெயர், வண்டி எண் எழுதி, கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் சரணாலயத்துக்குள் போக முடியும். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை என்பது வழக்கம். சீட்டு வாங்கியதும் ஓடிவிடாதீர்கள். அங்கே நிற்கிற வாட்சரிடம் அஞ்சு நிமிஷம் பேசுங்கள். இந்த ஊர்க்காரர்கள் காலையிலும் சாயந்திரமும் இந்தக் காட்டைச் சுற்றி வருகிறவர்கள். நேற்று மான்கூட்டம் எந்தப் பக்கம் மேய்ந்தது, எந்தக் குட்டையில் தண்ணீர் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கூட ஒருவர் வழிகாட்டியாக வருவாரா என்றும் கேளுங்கள், வந்தால் அழைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களிடம் முதல் கேள்வியாக, "சதுப்புல தண்ணி எப்படிண்ணே இருக்கு?" என்று கேளுங்கள்.

தண்ணீரை ஏன் முதலில் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். பூநாரை ஆழத்தில் மேயாது. தலையைத் தலைகீழாக வைத்து, அலகின் மேல்பக்கம் அடியில் போகும்படி கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டித் தின்கிற பறவை அது. அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி அமைப்பு இருக்கிறது. தண்ணீர் வெளியே போய்விடும், உப்பு நீரில் வளரும் சின்னஞ்சிறு இறாலினங்களும் பாசியும் உள்ளே தங்கிவிடும். இதற்குக் கால் அளவுத் தண்ணீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓங்கிப் பெய்து சதுப்பு நிரம்பிக் கிடந்தால் அவை ஆழம் குறைந்த இடமாகத் தேடி விலகிப் போய்விடும். மழை பொய்த்து உப்புப் பொருக்கு வெடித்துக் கிடந்தாலும் போய்விடும். காற்றும் சேர்ந்து விளையாடும். தரை அவ்வளவு தட்டையாக இருப்பதால் வாடைக் காற்று ஓங்கி அடித்தால் தண்ணீர் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு தடவை மழை முடிந்த கையோடு போனபோது செக்போஸ்டில் ஒரு அண்ணன் சொன்னார்: "தண்ணி ஏறிட்டுதும்மா. கொக்கும் உள்ளானும் நிக்கிது, பூநாரையெல்லாம் மேற்க தள்ளிப் போயிட்டுது. பொங்கலுக்கு மேல வாங்க." பொங்கல் கழித்துப் போனோம். சதுப்பின் தூர விளிம்பு முழுக்க இளஞ்சிவப்பாகக் கிடந்தது.

பொதுவாகச் சொன்னால் ஐப்பசியிலிருந்து மாசி வரை வலசைப் பறவைகள் இருக்கும். மார்கழிக் கடைசியிலிருந்து தை முழுக்க நம்பிப் போகலாம் என்பது என் கணக்கு. மழை நின்றிருக்கும், தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும், வெயிலும் இதமாக இருக்கும்.

அடுத்து வெளிச்சம். பெரிய சதுப்பு ஊருக்கு மேற்கேயும் வடமேற்கேயும் விரிந்து கிடக்கிறது. காலையில் போனால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் அப்படியே தெரியும். சாயந்திரம் போனால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் ஆடத் தொடங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலர் வைத்திருந்தாலும் பயனில்லை. ஆகவே ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், காலை சதுப்புக்கு, மாலை வெளிமானுக்கு. இதை மாற்றிச் செய்யாதீர்கள். இரண்டு நாள் இருந்தால் இரண்டாம் நாள் காலையையும் புல்வெளிக்குக் கொடுங்கள்.

சதுப்புக்குப் போகும் வழி சில இடங்களில் உப்பு நிறுவனங்களின் நிலத்தை ஒட்டியும் போகிறது. பம்ப் ஹவுஸ் பக்கம் பறவை நன்றாகத் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். மேலே காய்ந்த மாதிரி தெரியும் சேற்றில் காலை வைக்காதீர்கள். மேல்பொருக்கு உடைந்தால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும். வண்டியும் அப்படித்தான், தடத்தை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் ஆள் கூப்பிட்டுத்தான் தூக்க வேண்டும்.

பறவையை முதலில் காதால் பிடியுங்கள். பூநாரைக் கூட்டம் வாத்து கத்துவது போலக் கரகரவென்று பேசிக்கொண்டே மேயும், காற்று உங்கள் பக்கம் வீசினால் வெகுதூரம் கேட்கும். பிறகு நின்ற இடத்திலிருந்தே பாருங்கள். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நிற்கும். அவை இந்தக் கூட்டத்தின் இளசுகள், வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள். தின்கிற தீனியிலுள்ள நிறமி உடம்பில் சேரச்சேரத்தான் சிவப்பு ஏறும். ஒன்று நின்ற இடத்திலேயே கால்களை மாற்றிமாற்றி மிதித்துக்கொண்டு சுற்றிவரும். சேற்றைக் கலக்கித் தீனியைக் கிளப்புகிற வேலை அது. என் பிள்ளைகளுக்கு எவ்வளவு பார்த்தாலும் அலுக்காத காட்சி. கிட்டே போகப்போகத் தலைகள் ஒவ்வொன்றாக நிமிரும். பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் நாலடி வைத்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். சிறகு விரிந்ததும் உள்ளே இருக்கிற செந்நிறமும் கறுப்பும் தெரியும், அழகுதான். ஆனால் அந்தப் பறத்தலுக்குச் செலவாகிற தெம்பு அவை சேற்றில் பொறுக்கிப்பொறுக்கிச் சேர்த்தது. போட்டோவுக்காகக் கை தட்டி எழுப்புகிறவர்களைப் பார்த்தால் நான் சும்மா இருக்க மாட்டேன், நீங்களும் இருக்காதீர்கள்.

பூநாரை கிடைக்காத நாளிலும் சதுப்பு வெறுமையாக இருக்காது. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், ஊசிவால் வாத்து, வகைவகையாக ஆலா, கடற்காகம். சேற்று விளிம்பில் கூட்டம்கூட்டமாக ஓடுகிற உள்ளான்களைத் தவற விடாதீர்கள். கொசு உள்ளான் என்கிற குருவி அளவுப் பறவை வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது. பெயர் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். அலகு நேரா வளைவா, கால் என்ன நிறம், ஓடியோடிப் பொறுக்குகிறதா நின்று குத்துகிறதா என்று மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டால் வீட்டுக்கு வந்து புத்தகத்தில் கண்டுபிடித்துவிடலாம். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 போதும். அதைவிடப் பெருக்கம் கூடினால் கை நடுக்கத்தில் படம் ஆடும்.

வெயில் ஏறியதும் காட்டுக்குள் வந்துவிடுங்கள். இது மழைக்காடும் இல்லை, இலையுதிர் காடும் இல்லை. மழை குறைந்த கடலோரத்திலும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற உலர் பசுமைக்காடு. சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இருந்தது, இப்போது கோயில் காடுகளாகத் துண்டுதுண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். மரங்கள் உயரமாக இருக்காது. பாலை மரத்தின் ஓர் இலையைத் தொட்டுப் பாருங்கள், தோல் மாதிரி தடிப்பாக, மேலே பளபளவென்று இருக்கும். உப்புக் காற்றிலும் வெயிலிலும் தண்ணீரை இழக்காமல் இருக்க அந்தத் தடிப்பு வேண்டும். கோடையில் இதன் பழம் மஞ்சளாகப் பழுக்கும். பாலாப்பழம் என்று எங்கள் பக்கம் உயிரை விடுவார்கள். பிசுபிசுவென்று உதட்டில் பால் ஒட்டும், தித்திப்போ தித்திப்பு. வேதாரண்யம் பக்கம் விற்றால் வாங்கிச் சாப்பிடுங்கள், சரணாலயத்துக்குள் நீங்களே பறிக்காதீர்கள். உள்ளே இருப்பது குரங்குக்கும் பறவைக்கும்.

குரங்கு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கோடியக்காட்டுச் சாலையோரம் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வண்டியை நிறுத்திப் பழமும் பிஸ்கட்டும் போடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். போட்டுப்போட்டு, காட்டுக்குள் தீனி தேட வேண்டிய குரங்கு சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. குட்டியோடு அடிபட்டுக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஒன்றும் போடாதீர்கள். சாப்பாட்டுப் பையை வண்டிக்குள்ளேயே வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். வண்டியும் மெதுவாகப் போகட்டும். புள்ளிமானும் காட்டுப்பன்றியும் எந்த நிமிஷமும் குறுக்கே வரும்.

ஆறுமணிக்குருவி பார்க்க ஆசைப்பட்டால் புரட்டாசி, ஐப்பசியில் வாருங்கள். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கேயும் இலங்கைக்குமாகப் போகிற வழியில் இந்தக் காட்டில் இறங்கும். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இவ்வளவு நிறம் இருந்தும் சருகில் நின்றால் தெரியாது. நடந்துகொண்டே தேடினால் கிடைக்காது. நிழலான இடத்தில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, சருகு கிளறுகிற சத்தத்தைக் கேளுங்கள். விடியலிலும் அந்தியிலும் இரட்டை விசில் அடிக்கும். இரவில் பறந்துவந்து களைத்துப்போய் வீட்டு வாசலில் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கண்டால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்துவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வேதாரண்யத்துக்குத் திரும்புவதுதான் சரி, கோடியக்கரையில் கடைகள் சொற்பம். வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்த்துவிடுங்கள். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் ஏப்ரல் 30-ல் இங்கேதான் உப்பு அள்ளினார்கள். அவர்களுக்கு வேதாரண்யத்தில் துணை நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. இரண்டு பக்கமும் இன்றைக்கும் உப்பளங்கள்தான். மழை ஓய்ந்து அளத்து வேலை தொடங்கிவிட்டால், பாத்தியில் உப்பு பூத்து வருவதையும் வெள்ளைக் குவியலாக வாரி வைப்பதையும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் படிகமாதலை விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள், வெறுங்காலோடு உப்பில் நிற்கிறார்கள், அவர்கள் நேரத்தை வீணாக்காதீர்கள். "வேதாரண்யம் விளக்கழகு" என்று சொல்வார்களே, அந்தக் கோயிலும் ஊருக்கு நடுவில்தான். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் அதை இன்னொரு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை மணிக்கெல்லாம் திரும்பவும் சரணாலயத்துக்குள் இருக்க வேண்டும். மார்கழி, தையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

வெளிமானைப் பார்க்க வாட்ச் டவர் இருக்கிறது. மேலே ஏறி முதல் பத்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் புல்வெளியை இடமிருந்து வலமாக மெதுவாகப் பாருங்கள். முதலில் பெட்டைகள் தெரியும், காய்ந்த புல்லின் நிறத்திலேயே இருக்கும், கொம்பு கிடையாது. பிறகு கலைமான், அதாவது ஆண் வெளிமான், தெரியும். வயது முதிர முதிர மேல்உடம்பு கறுத்துக்கொண்டே போகும், வயிறும் கண்ணைச் சுற்றின வளையமும் மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. கொம்பு திருகித்திருகி மேலே போகும், அதில் வளையம் வளையமாக வரி இருக்கும். மாலை வெயில் மேற்கிலிருந்து சாய்வாக விழும்போது அந்த வரிகள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரியும். கலைமான் மூக்கை மேலே தூக்கி, கொம்பை முதுகோடு படிய வைத்துக்கொண்டு விறைப்பாக நடந்தால், அது பெட்டைகளுக்கும் எதிரிக் கலைமானுக்கும் காட்டுகிற நடை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவித்து வைத்திருக்கும். என் எல்லை இது என்கிற அடையாளம். கீழே நடக்கும்போது அந்தக் குவியலைக் கண்டால் சுற்றிக்கொண்டு போங்கள்.

ஏதாவது மிரட்டினால் நாலு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பும்படி துள்ளும், ஒன்று துள்ளினால் கூட்டமே துள்ளும். பார்க்க வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் தாய் மறைத்து வைத்துவிட்டு வந்த குட்டி புல்லுக்குள் தனியாகக் கிடக்கலாம். நரி அந்தச் சந்தர்ப்பத்துக்குத்தான் காத்திருக்கும். எனவே சத்தம் போடாதீர்கள், பளிச்சென்று உடுத்தாதீர்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். புல்வெளியில் அசையாமல் படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் அனாதை என்று தூக்கிவிடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

இதே வெளியில் மட்டக்குதிரைகளும் மேய்வதைப் பார்ப்பீர்கள். முன்னொரு காலத்தில் மனிதர் வளர்த்து விட்டவற்றின் வழி வந்தவை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் மானுக்கான புல்லை இவையும் மேய்வதால் எவ்வளவு குதிரை இங்கே இருக்கலாம் என்பது வெகுநாளாகப் பேசப்படுகிற விஷயம். அதைவிட எனக்குக் கவலை சீமைக்கருவேல மரம். திறந்த வெளியில்தான் வெளிமானுக்குக் கண் பார்வையும் ஓட்டமும் உதவும். சீமைக்கருவேலம் புகுந்து அடைத்துக்கொண்டே வந்தால், காடு என்று பெயர் இருக்கும், மானுக்கு இடம் இருக்காது. வனத்துறை அதை வெட்டி எடுக்கிறபோது, "மரத்தை வெட்டுறாங்களே" என்று பதறாதீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரையேறியது. எங்கள் ஊரில் தென்னையும் மாவும் ஒன்றுவிடாமல் சாய்ந்தன. இங்கே காட்டு மரங்கள் முறிந்து, கடல் உள்ளே ஏறி, மான்களும் குதிரைகளும் செத்துக் கரையில் ஒதுங்கின. அதற்குப் பிறகு வருகிறவர்கள் முறிந்த அடிமரங்களைப் பார்த்து, பராமரிப்பு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சாய்ந்த மரத்தின் அடியிலிருந்து புதுக் கிளை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாலை மரம் வளர்வது மெத்த மெதுவு. பழைய காடு திரும்ப வர நம் ஆயுள் காணாது.

கடற்கரைக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும் என்பது என் எண்ணம். புரட்டாசி, ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நாகப்பட்டினம், காரைக்கால் என்று பல ஊர் மீனவர்கள் இங்கே வந்து தங்கித் தொழில் செய்வார்கள். காலையில் பைபர் படகுகள் கரை சேரும்போது வாவலும் காலாவும் நண்டுமாக ஏலம் நடக்கும். மீன் வாங்குகிறதானால் ஐஸ் பெட்டியோடு வாருங்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்துபோய், சிதிலம் மட்டும் கிடக்கிறது. அதன் மேல் ஏறாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். தை, மாசி, பங்குனியில் ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. குஞ்சு விடுகிற நாளில் நீங்கள் அங்கே இருந்தால் செல்போன் வெளிச்சத்தை அடிக்காதீர்கள், வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

கடலில் குளிக்க வேண்டுமென்று வருகிறவர்கள் பெரும்பாலும் இது ஆதிசேது என்கிற புண்ணிய தீர்த்தம் என்று நம்பி வருகிறவர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் கூட்டம் நெரியும். நீராடித் தர்ப்பணம் செய்யத்தான் வருகிறீர்கள் என்றால் தாராளமாக அன்றைக்கு வாருங்கள், சில வருஷம் கரையோரம் சேறு கட்டியிருக்கும், பெரியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப் போங்கள். பாடல் பெற்ற தலமான குழகர் கோயிலும் பக்கத்தில்தான். பறவையும் மானும் பார்க்க வேண்டுமென்றால் அந்த இரண்டு நாளையும் விட்டுவிடுங்கள்.

கையில் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால், தண்ணீர் தாராளமாக, தொப்பி, முழுக்கை சட்டை, மூடின செருப்பு. புல்லில் உண்ணி ஏறும், வீடு திரும்பியதும் கால் மடிப்பெல்லாம் பார்த்துவிடுங்கள். கட்டுச்சோறு எடுத்து வந்தால் பாத்திரத்தில் எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பொட்டலத்தைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனால் சதுப்பில்தான் போய் விழும். டிரோன் வேண்டவே வேண்டாம், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வழக்குப் போடுவார்கள்.

செல்ல நாயை வண்டியில்கூட அழைத்து வராதீர்கள். புல்வெளியில் நாய்கள் மானைத் துரத்துவதைப் பார்த்தால் நீங்களே கல்லெடுத்து ஓடாமல் உடனே செக்போஸ்டில் போய்ச் சொல்லுங்கள். எந்த டவருக்குப் பக்கம், எத்தனை நாய், எந்தத் திசையில் ஓடின என்று சொன்னால் வாட்சர்கள் பைக்கில் கிளம்பிவிடுவார்கள். செக்போஸ்ட் நம்பரை உள்ளே நுழையும்போதே கேட்டுச் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள், காட்டுக்குள் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது.